இடது பக்கம் ஏழு

அவர் காது போனதுக்கு நான் காரணம் இல்லைங்கணா. அதை முதல்லயே சொல்லிடறேன். நான் ஒரு பொய்கூடச் சொல்லலை. இந்த வரிசையில எந்தக் கடையில வேணாலும் கேளுங்க, லோகு பொய் சொல்லமாட்டான்னுதான் சொல்லுவாங்க. வாய் துடுக்கு, பொறுமை கிடையாது, பதினொண்ணாவதைப் பாதியில போட்டுட்டு வந்தவன், எல்லாம் சரி. பொய் மட்டும் கிடையாது.

நீங்க அப்படியே திரும்பி ரோட்டைப் பார்த்து உக்காருங்க. அது சுத்தற ஸ்டூலுதான், காலை ஊன்றிச் சுத்துங்க. இப்ப எந்தப் பக்கம் சத்தம் கம்மியா இருக்கு? ரெண்டும் ஒண்ணுபோலவா? நல்லாக் கேட்டுச் சொல்லுங்கணா, அவசரம் இல்லை. சரி. உங்களுக்கு ஒண்ணும் இல்லை. இந்தப் பக்கம் திரும்பிக்கங்க.

கார் செட்டு வாங்க வந்தவனை எதுக்குடா இவன் குரங்கு மாதிரி சுத்த விடறான்னு பார்க்கறீங்க. இப்பெல்லாம் யார் வந்தாலும் சுத்த விடறேன். முதலாளி திட்டறார், "ஏன்டா, இது செட்டு விக்கற கடையா, காது ஆஸ்பத்திரியா"ங்கறார். திட்டட்டும்.

கொஞ்சம் மெதுவாப் பேசிக்கலாம். உங்க காருக்குள்ள தலையை விட்டு ஒயரைப் பிரிச்சுக்கிட்டு இருக்காரே, அவர் யூசுப் பாய். எங்க கடை வயரிங்காரர். அவருக்கு இந்தக் கதையில பாதிதான் தெரியும்.

நீங்க கேட்டதுக்கு முதல்ல பதில் சொல்லிடறேன். ரெண்டு செட்டு. இது ஒன்பது இஞ்ச் ஸ்கிரீன், மேப் ஓடும், பின்னாடி கேமரா தெரியும், படம் பார்க்கலாம், உங்க போன்ல இருக்கறது எல்லாம் இதுல வரும். சாவி போட்டா முழிச்சு எந்திரிக்க அரை நிமிஷம் ஆகும், நம்ம வீட்டுல காலையில பையனை எழுப்பற மாதிரி. அது ஸ்கிரீன் இல்லாத ஒத்தை செட்டு. ஒரு திருகு, நாலு பட்டன், பாக்கறதுக்கு ஒண்ணும் இல்லை. ஆனா பாட்டு அதுலதான் இருக்கு.

வர்றவங்க பத்துல எட்டுப் பேர் ஸ்கிரீன்தான் வாங்கறாங்க. ஏன் தெரியுமா? எல்லாக் கடையிலயும் செட்டை மாட்டிப் போட்டுக் காட்டற இந்தப் போர்டுல ஸ்கிரீன் செட்டுக்குச் சத்தத்தை ரெண்டு புள்ளி கூட வச்சிருப்பாங்க. லவுட்னஸ்னு ஒரு பட்டன் இருக்கு, அதையும் போட்டு வச்சிருப்பாங்க. சத்தமா இருக்கறது நல்லா இருக்கற மாதிரியே கேக்கும். காது அப்படித்தான், ஏமாறும். அதனால நம்பரை நம்பாதீங்க. இதுல இருபதும் அதுல இருபதும் ஒண்ணு இல்லை. ஒரே பாட்டைப் போட்டு, லவுட்னஸை அணைச்சு, ரெண்டையும் காதுக்கு ஒரே சத்தமா வச்சு, அப்புறம் கேக்கணும். நான் அப்படித்தான் போட்டுக் காட்டுவேன். எவ்வளவு நேர்மை பாருங்க.

அவருக்கும் அப்படித்தான் போட்டுக் காட்டினேன். நாச்சிமுத்து அண்ணனுக்கு.

நாச்சிமுத்து அண்ணன்னா மைக்செட்டு வச்சிருக்கறவர். சூலூர் பக்கம் கல்யாணம், கோயில் நோம்பி, கட்சிக் கூட்டம் எல்லாத்துக்கும் அவர் பாக்ஸ்தான். ஸ்கூலை விட்டதும் எட்டு மாசம் அவர்கிட்டத்தான் வேலை செஞ்சேன். காதுன்னா அவருக்குத்தாங்கணா காது. அரை கிலோமீட்டர் தள்ளி வண்டியில வர்றப்பவே, "ரெண்டாவது பாக்ஸ்ல ட்வீட்டர் போயிருச்சு, போய்ப் பாருடா"ம்பார். போய்ப் பார்த்தா அந்தச் சின்ன ஸ்பீக்கரு போயிருக்கும். நூறு வாட்ஸ் கத்தற இடத்துல கொசு பறக்கறதைக் கேப்பார்.

அவர்கிட்ட இருந்து நான் ஏன் வந்தேன்னு கேளுங்க. எங்க அம்மா ஊர் நோம்பி. பட்டிமன்றம் நடக்குது. மைக்கு ஊளை விட்டுச்சு. மேடையில வைக்கற மானிட்டர் பாக்ஸ் சத்தம் திரும்ப மைக்குக்குள்ள போனா ஊளை விடும். அந்த மானிட்டரைப் பத்து நிமிஷம் முன்னாடி ஏத்தி வச்சது யாரு? அவரே. ஆனா மேடையில ஏறி, பேசிட்டு இருந்தவர் கையில இருந்த மைக்கைப் பிடுங்கி, அதுலயே சொன்னார்: "டேய் செவிடா! ஊளை விடறது கேக்கலையாடா? மானிட்டரைக் குறைடா, செவிட்டுப் பயலே!"

மைக்குல சொன்னாருங்கணா. தென்னை மரத்துல நாலு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தோம். நான்தான் ஏறிக் கட்டினேன். அதுல போச்சு, ஊர் பூரா. ஐந்நூறு பேர் சிரிச்சாங்க. பட்டிமன்றக்காரர் சும்மா இருப்பாரா? "பாத்தீங்களா, கல்யாணம் ஆகாமலே காது கேக்காமப் போச்சு பையனுக்கு"ன்னார். அதுக்கு இன்னும் ஐந்நூறு பேர். மூணாவது வரிசையில எங்க அம்மா உக்காந்திருந்தாங்க. அவங்க சிரிக்கலை. அதுதான் எனக்குத் தாங்கலை. அன்னைக்கு ஒயரைச் சுத்திக் குடுத்துட்டு வந்தவன்தான், திரும்பிப் போகலை. எங்க அம்மா ஊர்ல இன்னமும் எனக்குப் பேரு செவிடன்.

இதை எதுக்குச் சொல்றேன்னா, நீங்க என் பக்கத்தையும் பார்க்கணும்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். முதலாளி திருப்பூர் போயிருந்தார். நான் போர்டைத் துடைச்சுக்கிட்டு இருக்கேன். கடை முன்னாடி வேன் வந்து நிக்குது. எனக்கு அந்த வேன் சத்தமே தெரியும். இறங்கி வந்தார். என்னைப் பார்த்ததும், "அட, செவிடா! இங்கயா இருக்கற?"

சிரிச்சுக்கிட்டே தோள்ல ஒரு அடி வேற. அவருக்கு அது ஒண்ணுமே இல்லைங்கணா. ஒரு வருசம் ஆச்சு, அவருக்கு அது என்னோட பேரு, அவ்வளவுதான்.

"வாங்கணா"ன்னேன். கடைக்கு வந்தவங்களை வாங்கன்னுதானே சொல்லணும்.

"வேனுக்கு ஒரு செட்டு போடணும்டா. ஸ்கிரீனு கீனு வேண்டாம்னு இருக்கேன், சரசுதான் கேக்கறா. ரெண்டையும் போடு, கேப்போம்." சரசு அவர் சம்சாரம். சொல்லிக்கிட்டே இடது காதுக்குள்ள சுண்டு விரலை விட்டு ஆட்டினார். "சனிக்கிழமை நோம்பில ஜெனரேட்டர் பக்கத்துலயே நின்னேன், மூணு நாளா உள்ள வண்டு கத்துது. தண்ணி அடைச்ச மாதிரி இருக்குது. தேங்கா எண்ணெய் காச்சி விட்டிருக்கா. போயிரும்."

அதை அவரே சொன்னார். நான் கேக்கலை.

பாட்டு அவரே பென்டிரைவ்ல கொண்டு வந்திருந்தார். வேற யார் பாட்டும் அவருக்கு ஆகாது. ஏதோ கல்யாணத்துல அவரே மைக் வச்சு எடுத்தது. இடப்பக்கம் நாயனம், வலப்பக்கம் தவில். "இதை வச்சுக் கேட்டா எந்தச் செட்டோட வண்டவாளமும் தெரிஞ்சிரும்"பார்.

இந்த ஸ்டூல்லதான் உக்காந்தார். ஒத்தை செட்டை முதல்ல போட்டேன். கண்ணை மூடிக் கேட்டார். ரெண்டே நொடி.

"என்றா இது, நாயனம் எங்கடா? எங்கயோ பக்கத்து ஊர்ல ஊதற மாதிரி இருக்குது?"

எனக்கு நல்லாத்தான் கேட்டுச்சு. பட்டன் அமுக்கி ஸ்கிரீன் செட்டுக்கு மாத்தினேன்.

"இதுலயும் மட்டம்டா. தவில் பேசுது, நாயனம் பேசலை. உங்க கடையில இடது பக்க ஸ்பீக்கரு அவுட்டு. ஒயர் லூஸா பாரு."

லூஸ் இல்லை. காலையில நான்தான் டைட் பண்ணினேன். ரெண்டு செட்டுலயும் ஒரே குத்தம் வந்தா குத்தம் செட்டுல இல்லை. அது வரைக்கும் எனக்கும் ஸ்பீக்கர் மேலதான் சந்தேகம். அப்பத்தான் அந்தச் சுண்டு விரல் மறுபடியும் காதுக்குள்ள போச்சு. எனக்கு என்ன தோணுச்சோ, "கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி உக்காருங்கணா"ன்னேன்.

"எதுக்குடா?"

"ஒண்ணு செக் பண்ணணும்."

அதுவும் நிஜம்தானே. திரும்பி ரோட்டைப் பார்த்து உக்காந்தார். அதே செட்டு, அதே பாட்டு. இப்ப நாயனம் வர்ற ஸ்பீக்கரு அவருக்கு வலது காதுப் பக்கம்.

"ஆங், இப்ப நாயனம் கணீர்னு வருதே! ஆனா தவிலு எங்கடா போச்சு? என்றா போர்டு வச்சிருக்கீங்க நீங்க, ஒண்ணு வந்தா ஒண்ணு போகுது!"

எனக்குப் புரிஞ்சு போச்சுங்கணா. புரிஞ்சதும் அடிவயித்துல இருந்து ஒரு சிரிப்பு வந்துச்சு பாருங்க. ஊர்ல இருக்கற ஆம்ப்ளிஃபயர் எல்லாத்துலயும் குத்தம் கண்டுபிடிக்கறவர். ஸ்பீக்கரைத் திட்டறார், ஒயரைத் திட்டறார், போர்டைத் திட்டறார். தன் காதுல ஒண்ணு இருக்கும்னு அவருக்குத் தோணவே இல்லை. நான் இந்தப் பக்கம் திரும்பி வாயை மூடிக்கிட்டு நின்னேன். மனசுக்குள்ள ஒரே ஒரு வரிதான். இப்ப யாருண்ணா செவிடன்?

அப்பவே சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. நான் என்ன செஞ்சேன்னா, அவரை இந்தப் பக்கம் திருப்பி உக்கார வச்சுட்டு, ஒத்தை செட்டுக்கு மாத்தி, அதுல பேலன்ஸை எடுத்தேன். இடது ஸ்பீக்கருக்கு எவ்வளவு, வலதுக்கு எவ்வளவுன்னு பிரிச்சுக் குடுக்கற செட்டிங். நடுவுல இருந்து இடப்பக்கமாத் தள்ளினேன். மூணு. அஞ்சு. அவர் முகத்தையே பார்த்துக்கிட்டு இருந்தேன். ஏழுல அந்த முகம் அப்படியே விரிஞ்சுச்சு.

"ஆங்! இதுடா! இதுதான்டா என்ற நாயனம்!"

கையைத் தட்டினார். கடையே திரும்பிப் பார்த்துச்சு. "என்ன பண்ணுன?"

"செட்டிங் பண்ணுனேன்ணா."

"ரெண்டு நிமிசத்துல புடிச்சுட்டியேடா. உனக்கும் காது இருக்குதுடா, லோகு!"

லோகுன்னார். எட்டு மாசம் அவர்கிட்ட ஒயர் சுத்தினேன், மரம் ஏறினேன், மழையில ஆம்ப்ளிஃபயர் மேல படுத்துக்கூட நனையாமக் காப்பாத்தினேன். ஒரு தடவைகூட அந்த வார்த்தை வரலை. அது அன்னைக்கு வந்துச்சு. நீங்களே சொல்லுங்க, அந்த இடத்துல, "இல்லைங்கணா, எனக்குக் காது இல்லை, உங்களுக்குத்தான் ஒரு காது போச்சு"ன்னு எப்படிச் சொல்றது? சிரிப்பு போயிருச்சு. அது போனதும் சொல்லியிருக்கணும். அந்தப் பாராட்டைக் கொஞ்ச நேரம் வச்சுக்கலாம்னு இருந்துட்டேன்.

ஒத்தை செட்டையே வாங்கினார். நல்ல செட்டைத்தான் குடுத்தேன், அதையும் கணக்குல வச்சுக்கங்க.

வேனை விட்டுட்டு டீ குடிக்கப் போனார். யூசுப் பாய் உள்ள உக்காந்து செட்டை மாட்டினார். போர்டுல வச்ச செட்டிங்கை நான் அப்படியே வேன்லயும் வச்சேன். பாய் பார்த்துட்டார்.

"இது எதுக்குடா ஏழு? டிரைவர் வலது பக்கம் உக்காருறான், இடது ஸ்பீக்கர் தள்ளி இருக்கு, அதுக்கு ரெண்டு ஏத்தறது வழக்கம். மிஞ்சிப் போனா மூணு. ஏழு யாருக்கு?"

நான் சிரிச்சுக்கிட்டே சொன்னேன். ஸ்டூல் சுத்தினது, நாயனம் வந்து தவில் போனது, வண்டு, தேங்கா எண்ணெய், எல்லாம். பாயும் சிரிப்பார்னு நினைச்சேன். அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழ வச்சுட்டார்.

"மூணு நாளா வண்டு கத்துதுன்னா சொன்னார்?"

"ஆமாங்க பாய்."

"என் மச்சானுக்கு இப்படித்தான்டா ஒரு நாள் காலையில அடைச்சுச்சு. சளியா இருக்கும்னு ஒரு மாசம் விட்டுட்டான். டாக்டர் என்ன சொன்னார் தெரியுமா? பத்துப் பதினஞ்சு நாளுக்குள்ள வந்திருந்தா மருந்துலயே திரும்ப வாய்ப்பு இருந்துச்சுன்னார். அப்புறம் ஒண்ணும் ஆகலை. அவன் இப்ப பின்னாடி லாரி ஹாரன் அடிச்சா எந்தப் பக்கம் ஒதுங்கறதுன்னு தெரியாம நடு ரோட்டுல நிக்கறான்." என் சட்டையைப் பிடிச்சார். "அந்த ஆள் சோறு தின்னுறதே காதை வச்சுத்தான்டா. டீ குடிச்சுட்டு வந்ததும் சொல்லிடு."

"நீங்களே சொல்லுங்களேன் பாய்."

"கண்டது நீ. நான் சொன்னா, வயரிங்காரன் எதையோ உளர்றான்னு போயிருவார். நீ அந்த நாயனம் தவில் கதையோட சொன்னாத்தான் அவருக்குப் புரியும். நான் தொழுகைக்குப் போறேன். அவர் வந்ததும் முதல் வேலை, செட்டிங்கை எடுத்துட்டுச் சொல்லு. மறந்துறாத."

மறக்கலைங்கணா. நான் எதையும் மறக்கறதில்லை.

டீ குடிச்சுட்டு வந்தார். சாவியைக் குடுத்தேன். "அண்ணா"ன்னு ஆரம்பிச்சேன். நிஜமா ஆரம்பிச்சேன். அவர் அதுக்குள்ள ஏறி உக்காந்து பாட்டைப் போட்டுட்டார். நாயனம் ரோடு வரைக்கும் கேக்குது. வண்டியை எடுத்துட்டு, ஜன்னல் வழியாத் தலையை வெளிய நீட்டி, டீக்கடை பூராவும் கேக்கற மாதிரி, "செவிடா, வர்றேன்டா!"

டீக்கடையில நாலு பேர் சிரிச்சாங்க. நாக்குல இருந்தது உள்ள போயிருச்சு. போங்க, நல்லாப் போங்கன்னு விட்டுட்டேன்.

பாய் வந்ததும், "சொல்லிட்டியா?"ன்னார். தலையை ஆட்டினேன். அது பொய்யாங்கணா? வாயைத் திறக்கலையே. தலை ஆடுச்சு, அவ்வளவுதான். "போறேன்னு சொன்னாரா?"ன்னார். "வர்றேன்னு சொல்லிட்டுப் போனார்"னேன். அதைத்தானே அவர் சொன்னார்.

அதனாலதான் சொன்னேன், பாய்க்குப் பாதிதான் தெரியும். அவர் என்னை நல்ல பையன்னு நினைச்சுக்கிட்டு இருக்கார்.

போன் நம்பர் இருக்கு. ஒவ்வொரு நாளும் எடுத்துப் பார்த்தேன். புதன்கிழமை கூட்டம். வியாழக்கிழமை, நாளைக்குச் சொல்லிக்கலாம். வெள்ளிக்கிழமை அடிச்சேன், ரிங் போறதுக்குள்ள கட் பண்ணிட்டேன். எடுத்ததும் "என்றா செவிடா"ம்பாரே, அதைக் கேக்கணுமான்னு இருந்துச்சு. அப்புறம் எண்ணெயிலயே சரியாப் போயிருக்கும்னு நானே நினைச்சுக்கிட்டேன். நினைக்கறதுக்கு என்ன, யார் வேணாலும் எதை வேணாலும் நினைக்கலாம்.

அடுத்த வியாழக்கிழமை எங்க பெரியம்மா பொண்ணுக்குக் கல்யாணம். மண்டபத்துக்குள்ள கால் வைக்கறேன், இடது பக்கத்துப் பாக்ஸ் காதைக் கிழிக்குது. அந்தப் பக்கம் உக்காந்திருந்த ஒறம்பரைச் சனம் எல்லாம் நாற்காலியைத் தூக்கிக்கிட்டு வலது பக்கம் வர்றாங்க. யார் மைக்செட்டுன்னு பார்க்கவே வேண்டாம். வேன்ல நான் வச்ச மாதிரியே அவர் மண்டபத்துல வச்சிருந்தார். அவருக்கு ரெண்டு பக்கமும் சமமாக் கேக்கற வரைக்கும் இடதை ஏத்திட்டே போயிருக்கார்.

பொண்ணோட அப்பா, எங்க பெரியப்பா, கத்தறார், "யோவ் மைக்செட்டு! சின்னக் குழந்தையெல்லாம் அழுகுது. காது செவிடாய்யா உனக்கு?"

பெரியப்பா நின்னது இவருக்கு இடப்பக்கம். இவர் வலப்பக்கம் திரும்பி, யார் கூப்பிட்டதுன்னு தேடறார். தேடறாருங்கணா. நூறு வாட்ஸ்ல கொசு பறக்கறதைக் கேட்டவர். பெரியப்பா மறுபடி கத்தறார், இவர் மறுபடி அந்தப் பக்கமே பார்க்கறார். நாலு பேர் சிரிச்சாங்க. எங்க அம்மா என் பக்கத்துல நின்னாங்க. "அவருக்கென்னடா ஆச்சு?"ன்னாங்க. அவங்க அன்னைக்கும் சிரிக்கலை.

அந்தச் சனிக்கிழமை போய் அன்னைக்கோட பன்னிரண்டு நாள். இன்னும் ரெண்டு மூணு நாள் கையில இருந்துச்சு. நான் போனேன். நிஜமாப் போனேன். மேடைக்குப் பின்னாடி, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கற மிக்ஸரை வச்சுக்கிட்டுக் குனிஞ்சு திருகைத் திருகிக்கிட்டு இருந்தார். பக்கத்துல போய் நின்னு சொன்னேன். முழுசாச் சொன்னேன். "அண்ணா, உங்களுக்கு இடது காது கேக்கலை. அன்னைக்குக் கடையிலயே எனக்குத் தெரியும். இன்னைக்கே டாக்டர்கிட்டப் போங்க, ரெண்டு நாள் விட்டா அப்புறம் திரும்பாது." ஒரு வார்த்தை விடலை. முணுமுணுக்கவும் இல்லை, பேசற சத்தத்துலதான் சொன்னேன்.

என்ன அப்படிப் பார்க்கறீங்க?

இடப்பக்கம் நின்னு சொன்னேன்.

அந்தப் பக்கம்தான் இடம் இருந்துச்சு. வலப்பக்கம் சுவரு. சுவருக்கும் அவருக்கும் நடுவுல ஒரு ஆள் போற அளவு இருந்துச்சுதான். இருந்துச்சு.

சொல்லி முடிச்சுட்டு நின்னேன். அவர் திருகிக்கிட்டே இருந்தார். அப்புறம் என்னமோ எடுக்கத் திரும்பினவர், என்னைப் பார்த்து, "அட செவிடா, எப்ப வந்த? சாப்ட்டியா?"ன்னார்.

"சாப்பிட்டேங்கணா"ன்னேன். சாப்பிட்டிருந்தேன்.

அதோட ஒண்ணரை மாசம் நான் அவரைப் பார்க்கலை.

போன வெள்ளிக்கிழமை வந்தாங்க, அவரும் சரசக்காவும். பாய் ஜும்மாவுக்குப் போயிருந்தார், முதலாளி உள்ள சாப்பிட்டுக்கிட்டு இருந்தார். அக்காதான் முதல்ல இறங்கினாங்க. அவர் அந்தப் பக்கம் சுத்தி வந்து, அக்காவை வலது கைப்பக்கம் விட்டுக்கிட்டு நடந்தார். பழகிட்டார்போல.

"டாக்டரைப் பாத்தோம் தம்பி"ன்னாங்க அக்கா. "இடது சுத்தமாப் போயிருச்சாம். இத்தனை நாள் என்னம்மா பண்ணுனீங்கன்னு என்னைத் திட்டறார். எனக்கு என்ன தெரியும்? கூப்பிட்டாத் திரும்ப மாட்டேங்கறார், திமிருன்னுல்ல நான் நினைச்சேன்."

"விடு சரசு"ன்னார் அவர்.

"மூணு கல்யாணம் கை மாறிப் போச்சு தம்பி. இனிமே பந்தலு, சீரியல் லைட்டு மட்டும் பாத்துக்கறேங்கறார்."

"லைட்டுக்குக் காது வேண்டாமே"ன்னு அவர் சிரிச்சார். எனக்குச் சிரிக்கத் தெரியலை. அப்புறம் என்னைப் பார்த்து, "மிக்ஸர்ல உக்கார ஒரு ஆள் வேணும்டா. நீ வர்றியா? அன்னைக்கு ரெண்டு நிமிசத்துல என்ற நாயனத்தை எடுத்துக் குடுத்தவன் நீ. உன்ற காது போதும் எனக்கு"ன்னார்.

செவிடான்னு கூப்பிடலைங்கணா. ஒரு தடவைகூடக் கூப்பிடலை. அந்த வார்த்தையை அவர் இனிமே யாரையும் சொல்ல மாட்டார்னு நினைக்கறேன். கூப்பிட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். கூப்பிட்டிருந்தா அந்தக் கோவத்துலயாவது சொல்லியிருப்பேன்.

"யோசிச்சுச் சொல்றேங்கணா"ன்னேன். இன்னும் யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்.

அப்பத்தான் அக்கா வந்த விசயத்தைச் சொன்னாங்க. வேன்ல இடது பக்கம் உக்கார முடியலையாம், ஸ்பீக்கர் காதுக்குள்ள வந்து கத்துதாம். "எனக்காவது ரெண்டு காதும் இருக்கட்டும், சரி பண்ணிக் குடு தம்பி."

அண்ணன் ஒரு மாதிரியா என்னைப் பார்த்தார். கோவம் எல்லாம் இல்லை. ஊளை எந்தப் பாக்ஸ்ல இருந்து வருதுன்னு தேடறப்ப அவர் முகம் அப்படித்தான் இருக்கும். "பேலன்ஸு இடது பக்கம் போயிருக்குதுடா. நான் அதுல கையே வைக்கலை. கடைக்காரங்க ரெண்டு மூணு வைப்பாங்க, அது எனக்கும் தெரியும். அதுக்கு மேல இருந்தா..." நிறுத்திட்டார். "சரி, ஏறு. எத்தனையில இருக்குதுன்னு பாரு. பாத்து எனக்குச் சொல்லு. சொல்லிட்டு நடுவுல வச்சுரு."

ஏறி உக்காந்தேன். அவர் கதவுகிட்ட வந்து, வலது காதை என் பக்கம் குடுத்து நின்னார். இந்தத் தடவை சுவரும் இல்லை, பாட்டும் ஓடலை. சாவியைப் போட்டு, திருகை அமுக்கி, பேலன்ஸுக்குப் போனேன்.

பார்த்தேன்.

நடுவுல வச்சேன்.